அச்சு மறக்க வேண்டும்

அன்றைக்கு வர வேண்டிய எச்சரிக்கை வரவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

2021 ஆகஸ்ட். நைட் ஷிஃப்ட். நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. சென்னையில் ஒரு நிறுவனம். ஏழு வாடிக்கையாளர்களுக்காகச் சொந்தமாக ஒரு பிரைவேட் கிளவுட் நடத்திக்கொண்டிருந்தது. அதில் ஒருவருடைய டெஸ்ட் சர்வர் கெட்டுப்போய்விட்டது. பழையதை அழித்துவிட்டு அதே ஐபி முகவரியில் புதியதை எழுப்ப வேண்டும். டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுத்து, பட்டனை அழுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் மெஷின் தயார். எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போனேன். பாஸ்வேர்ட் கேட்டது, கொடுத்தேன், திறந்தது.

பின்னால் நின்றுகொண்டிருந்த சீனியர் அக்கா கேட்டார்: “ஏம்ப்பா, கத்தவே இல்லையே?”

“யாருக்கா?”

“எஸ்எஸ்ஹெச். புது மெஷின், பழைய ஐபி. கத்தணுமே.”

கத்த வேண்டும்தான். எஸ்எஸ்ஹெச் என்பது 1995இல் பின்லாந்தில் தாத்து யிலோனென் எழுதிய நிரல். அவருடைய பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ ஒட்டுக்கேட்டு பாஸ்வேர்டுகளைத் திருடியதுதான் அதை எழுதத் தூண்டியது. அதன்படி ஒவ்வொரு சர்வருக்கும் சொந்தமாக ஒரு சாவி உண்டு. அந்தச் சாவிக்கு ஒரு கைரேகை உண்டு. முதல்முறை இணையும்போது உங்கள் லேப்டாப் அந்தக் கைரேகையைக் குறித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதே முகவரியில் வேறு கைரேகை தெரிந்தால், திரை முழுக்க எச்சரிக்கை போட்டு, யாரோ நடுவில் புகுந்து விளையாடுகிறார்கள் போல என்று சொல்லி, உள்ளே விடாது.

பழைய மெஷின் செத்துவிட்டது. அதன் வீட்டில் புது ஆள் குடியேறியிருக்கிறார். ஆனால் லேப்டாப்புக்கு வித்தியாசம் தெரியவில்லை. அப்படியென்றால் புது ஆளின் கைரேகையும் பழைய ஆளின் கைரேகையும் ஒன்று.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேறு மூன்று மெஷின்களின் கைரேகையைப் பார்த்தோம். ஒன்றே. இன்னும் பத்து பார்த்தோம். ஒன்றே. இரவு இரண்டரை மணிக்கு எங்கள் கையில் ஒரு பட்டியல் இருந்தது: ஏழு வாடிக்கையாளர்கள், 137 மெஷின்கள், ஒரே சாவி.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லா வீட்டுப் பூட்டுக்கும் ஒரே சாவி என்பது போல இது தோன்றலாம். கொஞ்சம் வேறு. ஒரு வாடிக்கையாளர் தன் மெஷினில் இருக்கும் சாவியை எடுத்து வைத்துக்கொண்டால், இன்னொரு வாடிக்கையாளரின் சர்வர் நான்தான் என்று அவரால் நடிக்க முடியும். அப்போதும் எந்த எச்சரிக்கையும் வராது. யாராவது அப்படிச் செய்தார்களா? செய்ததற்கு எந்தத் தடயமும் கிடைக்கவில்லை. செய்யவில்லை என்று நிரூபிக்கவும் வழியில்லை.

எல்லாவற்றுக்கும் மூலம் ஒரே ஒரு டெம்ப்ளேட்.

*

டெம்ப்ளேட்டை இனி அச்சு என்றே சொல்கிறேன். அச்சு என்றால் இட்லித்தட்டின் குழி மாதிரி வெற்று வடிவம் என்று நினைக்க வேண்டாம். இங்கே அச்சு என்பது ஒரு முழு கம்ப்யூட்டர். ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டு, அப்டேட் செய்து, தேவையான மென்பொருள்களை நிறுவி, பிறகு அணைத்து, உறங்கும் நிலையில் எடுத்து வைத்த ஒரு கோப்பு. அதிலிருந்து எத்தனை மெஷின் வேண்டுமானாலும் எழுப்பலாம்.

கம்ப்யூட்டர் எப்போது கோப்பானது? இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1964இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் ஐபிஎம்-மின் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. எம்ஐடி பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற புராஜெக்ட் மேக், பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் கம்ப்யூட்டருக்காக ஐபிஎம்மை விட்டு ஜெனரல் எலெக்ட்ரிக் பக்கம் போய்விட்டிருந்தது. அந்த அடிக்குப் பிறகு ராபர்ட் க்ரீஸி தலைமையில் ஒரு சிறு குழு வேறு ஒரு வழியை யோசித்தது. ஒரு கம்ப்யூட்டரைப் பலருக்குப் பங்கு போடுவதற்குப் பதில், ஒவ்வொருவருக்கும் ஒரு முழுக் கம்ப்யூட்டர் இருப்பதாகக் காட்டிவிட்டால் என்ன? கற்பனையான மெமரி, கற்பனையான டிஸ்க், கற்பனையான கார்டு ரீடர். உள்ளே ஓடும் நிரலுக்குத் தான் ஒரு கற்பனைக்குள் ஓடுகிறோம் என்பதே தெரியாது. 1967 ஜனவரியில் சிபி-40 என்ற அந்த அமைப்பு வேலைக்கு வந்தது. ஒரே இரும்புப் பெட்டிக்குள் 14 கற்பனைக் கம்ப்யூட்டர்கள். 1972இல் விஎம்/370 என்ற பெயரில் ஐபிஎம் இதை முறையாக அறிவித்தது.

அதன்பின் சிறிய கம்ப்யூட்டர்கள் மலிவாகிவிட்டன. ஆளுக்கு ஒரு பெட்டி வாங்க முடியும்போது கற்பனைப் பெட்டி யாருக்கு வேண்டும்? மெயின்ஃபிரேம் வைத்திருந்தவர்களைத் தாண்டி இந்த யோசனை ரொம்ப நாள் வெளியே வரவில்லை. 1998இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்றின் தொடர்ச்சியாக டயேன் கிரீன், மெண்டல் ரோசன்ப்ளம் உள்ளிட்ட ஐந்து பேர் விஎம்வேர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே சாதாரண பிசியில் இன்னொரு பிசியை ஓட்டிக் காட்டினார்கள். அங்கேதான் நம் கதைக்கு முக்கியமான விஷயம் நடக்கிறது. அந்த உள்-பிசியின் ஹார்ட் டிஸ்க், வெளி-பிசியில் ஒரு சாதாரணக் கோப்பு. பாட்டுக் கோப்பை காப்பி செய்வது போல ஒரு கம்ப்யூட்டரை காப்பி செய்யலாம்.

காப்பி செய்ய முடிந்த அன்றே அடுத்த கேள்வியும் பிறந்துவிட்டது. காப்பிகளுக்குள் எது யார்?

*

உண்மையில் அந்தக் கேள்வி கொஞ்சம் முன்பே பிறந்தது. 1990களின் நடுவில் நியூசிலாந்தில் முர்ரே ஹஸார்ட் என்பவர் ஒரு ஹார்ட் டிஸ்க்கை அப்படியே இன்னொன்றுக்குப் பிரதி எடுக்கும் நிரலை எழுதினார். பெயர் கோஸ்ட். ஆம், பேய். 1998இல் சைமன்டெக் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் லேப் நடத்தியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு மெஷினில் விண்டோஸ் போட்டு, மற்ற முப்பதுக்கும் ‘கோஸ்ட் அடிச்சோம்’ என்பார்கள். அது வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது.

விண்டோஸ் என்டியில் ஒவ்வொரு மெஷினுக்கும் நிறுவும்போதே தனி அடையாள எண் ஒன்று உருவாகும். எஸ்ஐடி என்று பெயர். கோஸ்ட் அடித்த முப்பது மெஷினுக்கும் ஒரே எஸ்ஐடி. இது பாதுகாப்புக்கு ஆபத்து என்று எல்லோரும் பயந்தார்கள். மார்க் ருசினோவிச் என்ற நிரலாளர் அந்த எண்ணை மாற்றித் தரும் நியூஎஸ்ஐடி என்ற கருவியை எழுதினார். மைக்ரோசாஃப்ட் தன் பங்குக்கு சிஸ்பிரெப் என்ற கருவியைக் கொடுத்தது. பிரதி எடுப்பதற்கு முன்பு மெஷினின் அடையாளங்களைத் துடைத்து, அடுத்த முறை எழும்போது புதிதாய்ப் பிறந்ததைப் போல எழச் செய்வது அதன் வேலை.

2009 நவம்பரில் ஒரு வேடிக்கை நடந்தது. அதற்குள் மைக்ரோசாஃப்டில் சேர்ந்துவிட்டிருந்த ருசினோவிச், தன் கருவியைத் தானே ஓய்வுபெறச் செய்தார். ரெண்டு மெஷினுக்கு ஒரே எஸ்ஐடி இருப்பதால் உண்மையில் என்ன கெட்டுப்போகும் என்று உட்கார்ந்து யோசித்தபோது, அவரால் ஒரு உருப்படியான ஆபத்தைக்கூடச் சொல்ல முடியவில்லை. அந்தப் பயம் ஒரு கட்டுக்கதை என்று அவரே எழுதினார். ஆனால் கையோடு இன்னொன்றையும் சொன்னார்: சிஸ்பிரெப்பை விட்டுவிடாதீர்கள், எஸ்ஐடி தவிர வேறு பல அடையாளங்களையும் அதுதான் துடைக்கிறது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. எதை அழிக்க வேண்டும் என்ற பட்டியல் இத்தனை ஆண்டுகளாகப் பாதி அறிவும் பாதி சடங்குமாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. தேவையில்லாத ஒன்றைப் பக்தியோடு அழித்தார்கள். தேவையான எதையாவது அழிக்காமல் விட்டிருந்தால்?

*

அதற்கு விடை கிளவுட் வந்த பிறகு கிடைத்தது.

2006 ஆகஸ்ட்டில் அமேசான் இசி2 சேவையைச் சோதனையாகத் திறந்தது. மணிக்கணக்கில் வாடகைக்குக் கம்ப்யூட்டர். அதை எழுப்ப ஓர் அச்சு வேண்டும். அதற்கு மெஷின் இமேஜ் என்று பெயர் வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் அச்சு செய்து ஊருக்குப் பொதுவாக விடலாம். 2012இல் பிரான்சின் யூரேகாம் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் பிறரும் அப்படிப் பொதுவில் கிடந்த 5,000க்கும் மேற்பட்ட அச்சுகளைத் திறந்து பார்த்தார்கள். செய்தவர்களின் சாவிகள், பாஸ்வேர்டுகள், தட்டச்சு செய்த கட்டளைகளின் வரலாறு என்று எல்லாம் உள்ளேயே இருந்தன. அழித்துவிட்டதாக அவர்கள் நினைத்த கோப்புகளைக்கூட மீட்டெடுக்க முடிந்தது. வீடு காலி செய்தவர் அலமாரியில் டைரியை வைத்துவிட்டுப் போனது மாதிரி.

அதே 2012இல் நாடியா ஹெனிங்கர் குழுவினர் இணையம் முழுக்கச் சாவிகளைச் சேகரித்து ஒப்பிட்டார்கள். பாதுகாப்பான இணையதளச் சான்றிதழ்களில் 0.75 சதவீதம், தற்செயல் எண்கள் போதாமல் ஒரே சாவியைப் பகிர்ந்துகொண்டிருந்தன. பெரும்பாலும் ரௌட்டர் போன்ற சிறு கருவிகள். முதன்முதலாக எழுந்தவுடனேயே, இன்னும் உலகத்தைப் பார்க்காத நிலையில், அவசரமாகச் சாவி செய்துகொண்டவை. எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதிரி கனவு கண்டால் ஒரே பெயரைத்தானே சொல்லும்? ஆக, பழைய சாவியை அழித்தால் மட்டும் போதாது. புதியதைச் செய்துகொள்ளத் தேவையான தற்செயலையும் மெஷினுக்குக் கொடுக்க வேண்டும்.

இதற்கிடையில் வங்கிகள், அரசு அலுவலகங்கள் போன்ற, தரவை வெளியார் கட்டடத்தில் வைக்கத் தயங்கிய பலரும் அமேசானின் வசதி எங்கள் கட்டடத்துக்குள்ளேயே வேண்டும் என்றார்கள். 2008இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்திலிருந்து யூகலிப்டஸ் வந்தது. 2010 ஜூலையில் நாசாவும் ராக்ஸ்பேஸும் சேர்ந்து ஓப்பன்ஸ்டாக்கை அறிவித்தன. அதே ஆண்டு கிளவுட்.காம் என்ற சிறு நிறுவனம் கிளவுட்ஸ்டாக்கை வெளியிட்டது. 2011இல் சிட்ரிக்ஸ் அதை வாங்கி, 2012இல் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டது. எங்கள் நிறுவனத்தில் ஓடியது இந்தக் கடைசி ஆள்.

கிளவுட்ஸ்டாக்கின் கையேட்டில் லினக்ஸ் அச்சு செய்யும் பகுதியைப் படித்தால் ஒன்று புரியும். நிறுவுவதைப் பற்றிய வரிகளைவிட அழிப்பதைப் பற்றிய வரிகள் முக்கியமானவை. நெட்வொர்க் கார்டின் பழைய முகவரியை நினைவில் வைத்திருக்கும் விதிக் கோப்பை நீக்கு. எஸ்எஸ்ஹெச் சாவிகளை நீக்கு. லாக் கோப்புகளைக் காலி செய். பாஸ்வேர்டைக் காலாவதியாக்கு. கடைசியாக, நீ இதுவரை தட்டச்சு செய்த கட்டளைகளின் பட்டியலை அழி. அந்தப் பட்டியலுக்கு லினக்ஸில் பெயர் ஹிஸ்டரி. வரலாறு. பிறகு மெஷினை அணைத்து, அதன் டிஸ்க்கை டெம்ப்ளேட் ஆக்கு.

அச்சு செய்வது என்பது கிட்டத்தட்ட முழுக்க மறக்கவைக்கும் வேலை.

*

மறுநாள் கூட்டம் போட்டார்கள். ஏழு வாடிக்கையாளர்களுக்கும் சொல்லியே ஆக வேண்டும் என்பதில் அக்கா உறுதியாக இருந்தார். சொல்லலாம், ஆனால் எப்படிச் சொல்வது என்பதுதான் பேச்சு.

அந்த அச்சைச் செய்தவர் 2020இல், கொரோனா காலத்து ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். நான் அவரைப் பார்த்ததே இல்லை. “போனவன் மேல போட்டுடலாம். அவனுக்கு இனிமே என்ன நஷ்டம்?” என்றார் ஒருவர். அறிக்கையின் வரைவிலும் ‘முன்னாள் ஊழியர் ஒருவரின் கவனக்குறைவு’ என்று ஒரு வரி வந்துவிட்டது. அறிக்கையை முடித்துத் தரும் வேலை என்னிடம் வந்தது.

பழைய அச்சிலிருந்து ஒரு மெஷினை எழுப்பினேன். எதையும் தொடாமல் உள்ளே பார்த்தேன். ரூட் யூசரின் ஹிஸ்டரி கோப்பு இருந்தது. அவர் அதை அழிக்க மறந்திருக்கிறார். முகம் தெரியாத ஒருவர் வரிசையாகத் தட்டிய கட்டளைகள். எழுத்துப்பிழைகள், திருத்தங்கள், அதே கட்டளையை மூன்று முறை முயன்றது, நடுவில் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் இடத்தைக் கேட்டுப் பார்த்தது. நானும் அப்படித்தான் தட்டுவேன்.

நாற்பதாவது வரிக்குப் பக்கத்தில் அது இருந்தது. எஸ்எஸ்ஹெச் சாவிகளை அழிக்கும் கட்டளை. சரியான இடத்தில், சரியாக எழுதப்பட்டது. அடுத்த வரி, லாக் கோப்புகள் காலி. அதற்கடுத்த வரி, ஷட்டவுன்.

அதற்கப்புறமும் வரிகள் இருந்தன. கண்காணிப்பு மென்பொருள் ஒன்றை நிறுவும் ஐந்தாறு கட்டளைகள். பிறகு இன்னொரு ஷட்டவுன். கோப்பு அங்கே முடிந்தது.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அந்த அச்சு சென்டோஸ் 7. அதில் சாவி இல்லாமல் மெஷின் எழுந்தால், எழும்போதே புதிய சாவியைத் தானாகச் செய்துகொள்ளும். பிரதிகளுக்கு அது நல்லது, ஒவ்வொன்றும் தனக்கென்று ஒன்றைச் செய்துகொள்ளும். ஆனால் மூல மெஷினை ஒருமுறை திறந்துவிட்டால், சாவி அதற்குள்ளேயே பிறந்துவிடும். அவர் முறையாக அழித்து அணைத்திருக்கிறார். பிறகு யாரோ ‘இதையும் போட்டுடு’ என்று சொல்ல, திரும்பத் திறந்திருக்கிறார். திறந்த அந்தக் கணத்தில் பிறந்த சாவிதான் 137 மெஷினுக்குப் போயிருக்கிறது.

அக்காவிடம் நம்பர் வாங்கி அவரைக் கூப்பிட்டேன். கோயம்புத்தூரில் இருந்தார்.

“அண்ணா, நீங்க பண்ண சென்டோஸ் டெம்ப்ளேட் பத்தி ஒண்ணு கேக்கணும்.”

“அது இன்னுமா ஓடுது?” சிரித்தார்.

விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “ரெண்டாவது ஷட்டவுனா... ஆமாப்பா. ராத்திரி பதினொரு மணிக்கு ஃபோன் வந்துச்சு. மானிட்டரிங் ஏஜென்ட் இல்லாம நாளைக்கு டெமோ கிடையாதுன்னாங்க. திருப்பி கீய அழிச்சிருக்கணும். தோணல.” பிறகு கேட்டார்: “என் பேரு வருமா?”

“வராதுண்ணா” என்றேன். அந்த வாக்கைக் கொடுக்க எனக்கு அதிகாரம் இருக்கிறதா என்று யோசிக்காமலேயே சொன்னேன்.

ஃபோனை வைத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அவர் செய்த இரண்டு பிழைகளில் ஒன்று இன்னொன்றைக் காப்பாற்றியிருக்கிறது. கையேடு சொன்னபடி ஹிஸ்டரியையும் அழித்திருந்தால், சாவியை அழித்தார் என்பதற்கு ஒரு சாட்சியும் இருந்திருக்காது. ‘கவனக்குறைவு’ என்ற ஒற்றைச் சொல்தான் அவருடைய வரலாறாக மிஞ்சியிருக்கும்.

அறிக்கையில் அந்த வரியை எடுத்துவிட்டு இப்படி எழுதினேன்: அச்சு முடிக்கப்பட்ட பிறகு மறுபடி திறக்கப்பட்டது; மறுபடி திறந்தால் மறுபடி துடைக்க வேண்டும் என்ற விதியோ, சரிபார்ப்போ எங்களிடம் இல்லை. திறக்கச் சொன்னவர் யார் என்று நான் எழுதவில்லை. அக்கா படித்துவிட்டு, “இதுக்கு நான் சைன் பண்றேன்” என்றார். சத்தம் வந்தது, ஆனால் அந்த வரி அப்படியே போனது. ஒரு வாடிக்கையாளர் எங்களை விட்டுப் போனார். மற்ற ஆறு பேரின் மெஷின்களில் சாவி மாற்றி முடிக்க இரண்டு வாரம் ஆனது.

*

அச்சைப் பற்றி நான் கற்றுக்கொண்டது இதுதான். அச்சு மறக்க வேண்டும். ஆனால் அது எப்படிச் செய்யப்பட்டது என்பது மறக்கப்படக் கூடாது. இரண்டையும் ஒரே கோப்புக்குள் வைத்திருந்ததுதான் எங்கள் தவறு.

இதற்கு வழி ஏற்கெனவே இருந்தது, நாங்கள்தான் போகவில்லை. 2013இல் மிட்செல் ஹாஷிமோட்டோ வெளியிட்ட பேக்கர் என்ற கருவி, அச்சைக் கையால் செய்யாமல் ஒரு செய்முறைக் குறிப்பிலிருந்து செய்கிறது. குறிப்பு வெறும் எழுத்து. அதை கிட்டில் வைத்தால், எந்த வரியை யார், எப்போது, எதற்காகச் சேர்த்தார் என்பது நிற்கும். மானிட்டரிங் ஏஜென்ட் வேண்டுமா? குறிப்பில் ஒரு வரி சேர்த்து முதலிலிருந்து சமைக்க வேண்டியதுதான். ஆறிய அச்சைத் திறக்கவே தேவையில்லை. எழும் ஒவ்வொரு பிரதிக்கும் அதன் பெயரையும் சாவியையும் முதல் நிமிடத்தில் அமைத்துக் கொடுக்க கிளவுட்-இனிட் இருக்கிறது. உபுண்டு உலகத்தில் அமேசானுக்காகப் பிறந்து, இன்று அநேகமாக எல்லாக் கிளவுட்டிலும் ஓடுவது.

பழைய அச்சைப் பட்டியலிலிருந்து நீக்கினோம். ஆனால் அது உடனே சாகவில்லை. எங்கள் அமைப்பில் ஒவ்வொரு மெஷினின் டிஸ்க்கும் அச்சிலிருந்து மாறிய பகுதியை மட்டும்தான் தன்னிடம் வைத்திருக்கும். மாறாததை அச்சிலிருந்தே படிக்கும். கடைசிப் பிள்ளை இருக்கும்வரை தாய்க் கோப்பு ஸ்டோரேஜில் இருந்தே ஆக வேண்டும். 2024 ஜூன் 30 அன்று சென்டோஸ் 7க்கான ஆதரவு முடிந்தது. அதையொட்டி மிச்சமிருந்த மெஷின்களை ஒவ்வொன்றாக மாற்றினோம். கடைசி மெஷினை அழித்த சில மணி நேரத்தில் அந்தக் கோப்பும் தானாகத் துடைக்கப்பட்டது. அதற்குள் இருந்த அந்த ஹிஸ்டரியும் போயிற்று.

எங்கள் செய்முறைக் குறிப்பின் கடைசிப் பகுதி, சாவிகளை அழிக்கும் கட்டளை. அதற்கு மேலே நான் எழுதிய ஒரு குறிப்பு இருக்கிறது. புதிதாகச் சேர்பவர்கள் அது எதற்கு என்று கேட்பார்கள். அப்போது இந்தக் கதையைச் சொல்வேன், பெயர் சொல்லாமல்.

அந்தக் குறிப்பு இவ்வளவுதான்: ‘இதுதான் கடைசி வேலை. இதற்குப் பிறகு யார் ஃபோன் செய்தாலும் மெஷினைத் திறக்காதே. முதலிலிருந்து செய்.’